அந்தப் பக்கம் வாங்கியிருக்கலாமே

என் மாமா வயிறு நிறைந்த பிறகுதான் மனதில் இருப்பதைச் சொல்வார். புது வீட்டில் நாங்கள் பால் காய்ச்சிய அன்றும் அப்படித்தான். இட்லி, சாம்பார், கேசரி எல்லாம் முடித்து, கை கழுவி, வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெரிய ரோட்டுக்கு எதிர்ப்புறம் புதுத் தாமானின், அதாவது புதுக் குடியிருப்பின், நுழைவாயில் அங்கிருந்து நன்றாகத் தெரியும். காவலுக்கு இரண்டு ஜாகாக்கள், ஏறி இறங்கும் கம்பி, நீரூற்று, அளவெடுத்து நட்ட அழகுப் பனைகள். அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வாங்கினதுதான் வாங்கினே, அந்தப் பக்கம் வாங்கியிருக்கலாமே தம்பி" என்றார். அத்தை அவரை முறைத்தார். என் மனைவி எதையோ எடுக்கப் போகிறவள் போல அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் சிரித்து வைத்தேன்.

அவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அன்று வந்த கவர்களில் அவருடையதுதான் கனமானது. இருந்தாலும் அந்த ஒரு வரி என்னை விட்டுப் போகவில்லை. லாத்தார் நெடுஞ்சாலையில் டோலுக்கு வரிசையில் நிற்கும்போது, தொழிற்சாலையில் இரவு ஷிஃப்டில் மெஷின் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மாமாவுக்கு மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இன்று சொல்லும் பதில் நாளைக்கு எனக்கே பிடிப்பதில்லை. எழுதினால் எங்கேயாவது போய் நிற்குமா என்று பார்க்கிறேன்.

எங்கள் ஊர் மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயா. 2007ல் வந்த பெயர். என் அம்மாவின் வயதுக்காரர்களுக்கு இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் தோட்டங்கள். பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917ல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டிலேயே முதன்முதலாக வணிகத்துக்கென்று செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்டார். பள்ளியில் வாத்தியார் இதைப் பெருமையாகச் சொன்னபோது எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. லோரியிலிருந்து ரோட்டில் சிந்திய செம்பனைப் பழத்தில் சைக்கிள் வழுக்கி விழுந்த பிள்ளைகள் நாங்கள். அப்புறம் பல்கலைக்கழக வளாகம் வந்தது. 2011ல் லாத்தார் திறந்தார்கள். புஞ்சாக் ஆலம் பக்கமிருந்து தாமான்கள் ஒவ்வொன்றாக எழும்பி, ஈஜோக்கைத் தொட்டு, இப்போது எங்கள் ரோட்டுக்கே வந்து நிற்கின்றன. 2007ல் ஈஜோக் இடைத்தேர்தல் சமயத்தில் அவசர அவசரமாகத் தார் கண்ட சந்துகளில், இப்போது விளக்குக் கம்பந்தோறும் "வீடு வாங்கப்படும், ரொக்கம்" என்று அட்டை தொங்குகிறது.

நாங்கள் வாங்கிய இந்தப் பக்கம் மலிவு விலை வீட்டுத் தாமான். மலிவு விலை வீடென்றால் 25,000 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் போகக்கூடாது என்று 1982ல் அரசாங்கம் வரம்பு வைத்ததே, அந்த விலைக் காலத்து வீடுகள். மாடி கிடையாது. இரண்டு அறை, ஒரு கூடம், பின்னால் ஆளாளுக்கு வசதிப்படி இழுத்துக் கட்டிய அடுப்படி. சந்தில் இரண்டு கார் எதிரெதிரே வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போயாக வேண்டும். மழை கொஞ்சம் பலத்தால் கால்வாய் நிரம்பிவிடும். இதையெல்லாம் மறைத்து இந்தப் பக்கத்தைச் சொர்க்கம் என்று எழுத எனக்கு விருப்பமில்லை.

மாதிரி வீடு

அந்தப் பக்கம் நாங்கள் பார்க்காமல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு விற்பனைக் கூடத்துக்குப் போனோம். நல்ல குளிர், இலவசக் காப்பி, மேசை அகலத்துக்கு ஒரு பொம்மை ஊர். மாதிரி வீட்டின் கட்டிலில் என் மகள் ஏறிக் குதித்தாள், யாரும் திட்டவில்லை. மாடி வீடு, நிரந்தர நில உரிமை, 550,000 வெள்ளி. சுவரில் இருந்த வரைபடத்தில் சில வரிசைகள் மட்டும் தனி நிறத்தில் இருந்தன. மலாய்க்காரர் முதலான பூமிபுத்ராக்களுக்கான ஒதுக்கீடு. சிலாங்கூரில் அந்த வீடுகளுக்கு 7 விழுக்காடு கழிவு. நமக்கு அந்தக் கழிவும் இல்லை, அந்த வரிசையும் இல்லை. இதைப் பேச ஆரம்பித்தால் இன்னொரு கட்டுரை ஆகும், எல்லாருக்கும் தெரிந்த கதைதான், விடுவோம்.

கணக்கைச் சொல்கிறேன். 90 விழுக்காடு கடன் கிடைத்தால், 35 வருடத்துக்கு மாதம் 2,250 வெள்ளி. ஜாகாவுக்கும் நீரூற்றுக்கும் பராமரிப்புக் கட்டணம் தனி. முதல் வீடு வாங்குகிறவருக்கு 500,000 வெள்ளி வரை முத்திரை வரி விலக்கு உண்டு. அந்த வீடு அந்த வரம்பைத் தாண்டி 50,000 வெள்ளி அந்தப் பக்கம் நிற்கிறது, ஆகவே பெயர் மாற்ற வரி மட்டும் 10,500 வெள்ளி. நானும் மனைவியும் சேர்ந்து கையில் வாங்குவது ஆறாயிரத்துக்குள். கார் கடன் இருக்கிறது, அவள் படித்த கடன் இருக்கிறது, அம்மாவின் மருந்து இருக்கிறது. பேங்க் கொடுத்தாலும் கொடுத்திருக்கும். 2020 ஜூலையில் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் வட்டி விகிதம் 1.75 விழுக்காட்டில் கிடந்தபோது தைரியமாக வாங்கிய என் நண்பன், 2023 மே மாதம் அது 3 விழுக்காட்டுக்கு ஏறியபோது பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

மாமாவுக்கு இந்தக் கணக்கே போதும். ஒரு தாளில் எழுதிக் காட்டினால் தலையாட்டிவிடுவார். எனக்குத்தான் போதவில்லை. ஏனென்றால் பணம் இருந்திருந்தால் அந்தப் பக்கம் போயிருப்பேனா என்று என்னையே கேட்டால், சட்டென்று இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

வேலையோடு வந்த வீடு

என் அம்மா வாழ்நாளில் வீட்டு வாடகை கொடுத்ததில்லை. பிறந்தது தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், வாழ்க்கைப்பட்டது இன்னொரு தோட்டத்து லயத்தில். வீடு, தண்ணீர், ஆயாக் கொட்டகை எல்லாம் வேலையோடு சேர்ந்து வந்தன. நாங்கள் காப்பாரில் வாடகைக்கு இருந்த வருடங்களில், மாதம் 900 வெள்ளி கொடுக்கிறோம் என்று கேட்டு அம்மா வாயைப் பிளந்தது நினைவிருக்கிறது. "சும்மா இருக்குறதுக்கா?" என்று கேட்டார்.

சும்மா கிடைத்த அந்த வீட்டின் கணக்கு எங்கள் குடும்பத்தில் ஒரே ஒரு தடவைதான் வெளியே வந்தது. அப்பாவுக்கு 55 முடியும் சமயம். அப்போது அதுதான் ஓய்வு வயது. வேலை முடிந்தால் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். வீட்டில் யாராவது ஒருவர் தோட்டத்தில் பேர் பதிந்தால் தொடர்ந்து இருக்கலாம். தங்கை அப்போது ஆரம்பப் பள்ளி, நான் இடைநிலைப் பள்ளி. அண்ணன் ஐந்தாம் படிவம் முடித்திருந்தான், மோசமில்லாத ரிசல்ட். கிள்ளானில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் இடமும் கிடைத்திருந்தது. அவன் பெரட்டுக்கு, விடியற்காலையில் தோட்டத்து ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் இடத்துக்கு, போனான். யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. எங்களைப் போன்ற வீடுகளில் இது புதிய கதையே இல்லை என்பதால் அழுகை, சண்டை எதுவும் நடந்ததாக ஞாபகம் இல்லை. இலவச வீடு என்று யாராவது பேசினால் எனக்கு அண்ணனின் கை ஞாபகம் வரும். குலை வெட்டும் கோலைத் தூக்கித் தூக்கிக் காய்த்துப் போன கை.

சட்டம் இருந்தது. 1990ல் வந்த 446வது சட்டம் தோட்டத்து வீடு எப்படி இருக்க வேண்டும், தண்ணீர் எப்படி வர வேண்டும் என்றெல்லாம் விவரமாகச் சொல்கிறது. வேலை போன பிறகு அந்தக் குடும்பம் எங்கே படுக்கும் என்பது அதன் கேள்வி அல்ல. தோட்டத்து மண்ணுக்கும் சட்டம் இருக்கிறது. 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்டத்தைத் துண்டு போட்டுப் பலருக்கு விற்க வேண்டுமானால், தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். மண்ணைப் பிரிக்க ஒரு வாரியம் கூடிப் பேசுகிறது. ஆட்களைப் பிரிக்க அப்படி எதுவும் கூடியதாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்களுக்குப் பக்கத்திலேயே மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என்று ஐந்து தோட்டத்து 245 குடும்பங்கள், தருவதாகச் சொன்ன வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தன. அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர்கள் காசு சேர்த்துத் தோட்டம் வாங்க 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, என் தாத்தா மாதம் 10 வெள்ளி கட்டி 100 வெள்ளிப் பங்கு ஒன்று வாங்கினார். அந்தத் தாளைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். எங்கள் குடும்பம் இந்த நாட்டில் நிலம் என்று வாங்கியது, நான் வீடு வாங்குவதற்கு முன்பு, அந்த ஒரு தாள்தான்.

பாட்டி சொன்ன விலை

எங்களுக்கு வீட்டை விற்ற பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். கணவர் இறந்து, தோட்டமும் கைமாறி, ஆட்கள் சிதறிய காலத்தில் இந்த மலிவு விலை வீட்டுக்கு மனுப் போட்டு வாங்கியிருக்கிறார். இப்போது மகனோடு ஜொகூருக்குப் போகப் போகிறார். தரகர் இல்லை, கோயிலில் பூசை முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்த செய்தி. 210,000 வெள்ளி சொல்கிறார் என்றார்கள். நேரில் பேசினால் இறங்கும் என்று எல்லாரும் அடித்துச் சொன்னார்கள்.

போய் உட்கார்ந்ததும் பாட்டி பெயரைக் கேட்கவில்லை. நம் ஆட்களின் வழக்கப்படி "எந்தத் தோட்டம்?" என்றுதான் கேட்டார். சொன்னேன். தாத்தா பெயரைக் கேட்டார். சொன்னேன். "அட, அவரு பேரனா! பெரட்டுல எனக்கு ரெண்டு ஆள் தள்ளித்தான நிப்பாரு" என்று ஒரு தட்டில் முறுக்கு வந்தது. மனைவி என்னைப் பார்த்தாள். காரியம் சுலபம் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். தேநீர் பாதி குடித்த பிறகு அவள் மெல்ல ஆரம்பித்தாள்: "நாங்களும் தோட்டத்துப் பிள்ளைங்கதான் பாட்டி. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

பாட்டி சிரித்தார். கோபம் கொஞ்சமும் இல்லாத சிரிப்பு.

"தோட்டத்துப் பிள்ளைன்னா வில கொறையுமாம்மா? நானும் தோட்டத்துலேருந்து வந்தவதான். எனக்கு யாரு கொறச்சா?" என்றார். அப்புறம் சொல்லிக்கொண்டே போனார். அம்பது வயது வரைக்கும் தனக்கென்று ஒரு கதவு இருந்ததில்லை என்றார். மாதம் இருநூறு வெள்ளி பேங்க்குக்குக் கட்ட, ஆள் வீட்டில் துணி துவைத்தது, கூட்டு (சீட்டு) கட்டி எடுத்த காசு, மகள் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போய் வந்தது. "பால் வெட்டுனேன், மழ பேஞ்சா சம்பளம் இல்ல. ஆடு வளத்தேன், செத்துப் போச்சு. புள்ளைங்கள வளத்தேன், அது வேற கத. இந்த வீடு ஒண்ணுதான் தம்பி, நான் தூங்குறப்பகூட வில ஏறிக்கிட்டே இருந்துச்சு. அத நானே கொறச்சுக் குடுக்கணுமா?"

எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. முறுக்குத் தட்டை எங்கள் பக்கம் தள்ளி, "எடுத்துக்க" என்றார். முறுக்கு இனாம், வீடு 210,000. அந்த இரண்டையும் அவர் கலக்கவே இல்லை.

திரும்பி வரும்போது காரில் மனைவி ரொம்ப நேரம் பேசவில்லை. ஈஜோக் சந்திப்பில் சிவப்பு விளக்கில் நின்றபோது சொன்னாள்: "அந்தக் கூடத்துல அஞ்சு லட்சத்து அம்பதாயிரம்னு சொன்னப்ப நீங்க ஒரு வார்த்த கேக்கல." உண்மைதான். குளிர்சாதனமும் காப்பியும் இருந்த இடத்தில் அச்சடித்த விலையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்தேன். மூங்கில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாட்டியிடம் ஜாதி சனம், தோட்டம், தாத்தா எல்லாவற்றையும் கொண்டுபோய் வைத்தோம்.

அன்றிலிருந்துதான் மாமாவின் கேள்விக்கு எனக்குள் இருக்கும் பதில் மாறத் தொடங்கியது என்று நினைக்கிறேன், அவர் அதைக் கேட்பதற்கு முன்பே. நம்மவர்களிடம் சொத்து இல்லை என்று எல்லா மேடையிலும் பேசுகிறோம். கையில் சொத்து உள்ள ஒரு கிழவி சந்தை விலை கேட்டால் நமக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது, உரிமையோடு குறைக்கச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. அந்தப் பக்கத்து விலையை யாரும் கேள்வி கேட்பதில்லை. இந்தப் பக்கத்து விலையை எல்லாரும் கேட்கிறார்கள். "அந்தத் தாமானுக்கா 210?" என்று என்னிடமே எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் வளர்ந்தது அந்தத் தாமானில்தான்.

ஏரியா

பேங்க்கும் அதையே கேட்டது, கொஞ்சம் மரியாதையாக. மதிப்பீட்டாளர் வந்து பார்த்து 190,000 என்று எழுதினார். 90 விழுக்காடு கடன் அந்த மதிப்புக்குத்தான், பாட்டி சொன்ன விலைக்கு இல்லை. ஆக 171,000 வெள்ளி கடன், மீதி 39,000 வெள்ளி நாங்கள் புரட்ட வேண்டும். ஏன் குறைவு என்று கேட்டதற்குக் கடன் பிரிவில் இருந்த இளைஞர் "ஏரியா அப்படி, அண்ணே" என்றார். அவரும் நம் பையன்தான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஊழியர் சேமநிதியின் இரண்டாவது கணக்கு, இப்போது செஜாத்ரா என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், எங்கள் இருவருடையதும் அதற்கே போய்விட்டது. மீதிக்கு மனைவியின் நகை கொஞ்சம், அண்ணன் கொடுத்தது கொஞ்சம். அண்ணன் கொடுத்தபோது நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டுமோ என்று யோசித்தேன், வாங்கிக்கொண்டேன். மலிவு விலை வீடு வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம்: கிராண்டில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், "மாநில அரசின் ஒப்புதல் இன்றி விற்கக்கூடாது" என்ற கட்டுப்பாடு இருக்கிறதா என்று முதலிலேயே வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் இருக்கும். அந்த ஒப்புதல் வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும். பாட்டியின் ஜொகூர்ப் பயணம் அதனால்தான் தள்ளித் தள்ளிப் போனது. ஒவ்வொரு முறை போன் செய்யும்போதும் "வந்துடுச்சா?" என்பார், வில்லங்கம் பிடித்த வார்த்தை எதுவும் பேசமாட்டார். வக்கீல் அலுவலகத்தில் பெயர் மாற்றப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது, தமிழில் முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாக எழுதினார். இப்போது மாதம் 780 வெள்ளிக்குப் பக்கம் கட்டுகிறோம். 2025 ஜூலையில் வட்டி விகிதத்தை 2.75க்கு இறக்கியபோது இருபது சொச்சம் வெள்ளி குறைந்தது. பிள்ளைகளுக்கு அன்று ரொட்டி சானாய்.

ஏரியா என்றால் என்ன என்பது குடிவந்த பிறகு தெரிந்தது. எங்களுக்கு வலப்பக்க வீடு தொழிலாளர் விடுதி. வீட்டுக்காரர் ஷா ஆலாமில் இருக்கிறார், இதே தாமானில் வளர்ந்தவர். வாடகைக்கு எடுத்திருப்பது ஆள் சப்ளை செய்யும் நிறுவனம். நேப்பாளிகளும் வங்காளதேசிகளும் சேர்ந்து எத்தனை பேர் என்று எண்ண முடியாத அளவுக்கு வாசலில் செருப்பு. "இவனுங்களாலதான் வில ஏறமாட்டேங்குது" என்று சந்து முழுக்கப் பேச்சு. கத்துகிறார்களாம், கண்ட நேரத்தில் சமைக்கிறார்களாம், கூட்டமாக நிற்கிறார்களாம். லயத்து ஆட்கள் முதன்முதலாக இந்தத் தாமானுக்குக் குடிவந்தபோது பக்கத்துக் கடைத்தெருவில் என்ன பேசினார்கள் என்று பாட்டி சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். பட்டியல் ஏறக்குறைய இதேதான், ஆடு மட்டும் கூடுதல்.

அம்மா எங்களோடு தங்கிய முதல் வாரத்தில், விடியற்காலை பக்கத்து வீட்டில் குழாய்ச் சத்தமும் பாத்திரச் சத்தமும் கேட்டு நான் எரிச்சலோடு எழுந்தேன். அம்மா ஏற்கனவே கூடத்தில் உட்கார்ந்திருந்தார். "பெரட்டுக்குக் கெளம்புறாங்க" என்றார், அவ்வளவுதான். மறுநாள் சாம்பார் ஒரு சட்டி கூடுதலாக வைத்து வேலிக்கு மேல் கொடுத்தார். அதற்காக எல்லாம் இனிதாகிவிடவில்லை. குப்பை இன்னும் பிரச்சினைதான், கால்வாய் இன்னும் அடைக்கிறது, ஒரு குடும்பத்துக்குக் கட்டிய கழிவறையை இத்தனை பேர் பயன்படுத்தினால் என்ன ஆகுமோ அது ஆகிறது. ஆனால் குற்றம் படுக்கிறவன் மேலா, அடைக்கிறவன் மேலா? தோட்டத்து வீடுகளுக்காக வந்த அதே 446வது சட்டம், 2019ல் திருத்தப்பட்டு எல்லாத் துறைத் தொழிலாளர்களுக்கும் விரிந்திருக்கிறது. அம்மாவின் லயத்துக்கு இருந்த சட்டம்தான் இன்று எங்கள் பக்கத்து வீட்டுக்கும். அதைக் காட்டிப் புகார் எழுதலாம் என்று நான் சொன்னால், "அவனுங்கள காலி பண்ணச் சொல்லி எழுது, எடம் போதலன்னு எழுதாத" என்கிறார்கள் சந்துக்காரர்கள்.

மாமா குலை வெட்டிய இடம்

போன தீபாவளிக்கு மாமாவைக் கிள்ளானுக்குக் கொண்டுபோய் விட்டேன். புதுத் தாமானைத் தாண்டும்போது மெதுவாகப் போகச் சொன்னார். நீரூற்றுக்குப் பின்னால் கையை நீட்டி, "அங்கதான் என் நெர" என்றார். லோரி ஓட்டக் கிள்ளானுக்குப் போவதற்கு முன்னால் அவர் குலை வெட்டியது அந்த நிலத்தில்தான் என்பது எனக்குத் தெரியும், ஆனால் இத்தனை சரியாகத் தன் நிரையை, தான் வெட்டிய மர வரிசையை, காட்டுவார் என்று எதிர்பார்க்கவில்லை. எங்கே பாம்பு பார்த்தார், எங்கே மண்டோரோடு சண்டை, எங்கே சாப்பாட்டுச் சட்டியை மாட்டிவைப்பார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். மாடி வீடுகளை அவர் பார்க்கவே இல்லை.

அவர் அந்தப் பக்கம் என்று சொன்னது பகட்டுக்காக இல்லை என்று அப்போது புரிந்தது. தான் வேலைக்குப் போன இடத்தில் தன் அக்காள் மகன் வீட்டுக்காரனாகப் போய் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். நியாயமான ஆசை. பாட்டியின் விலையைப் போலவே நியாயமானது. ஆனால் அந்த ஆசைக்கு மாதம் 2,250 வெள்ளி கட்ட வேண்டியவன் நான். அவருடைய நிரைக்கு மேல் கட்டிய வீட்டுக்கு என் பிள்ளைகளின் படிப்பைக் கொடுக்க வேண்டியிருந்தால், அண்ணன் பெரட்டுக்குப் போனதற்கும் அதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இதை அவரிடம் சொல்லவில்லை. டோல் கட்ட சில்லறை நீட்டினார், கார்டு போதும் மாமா என்றேன்.

இப்போது எங்கள் சந்தில் அடுத்த விற்பனை ஆரம்பமாகியிருக்கிறது. கடைசி வீட்டுத் தாத்தா மகளோடு ரவாங்குக்குப் போகப் போகிறார். விளக்குக் கம்பத்து அட்டைக்காரர்கள் வந்து 160,000 ரொக்கம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். வாங்கி விடுதி ஆக்கத்தான். தாத்தா அதையே பெரிய தொகை என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் சாயங்காலம் எங்கள் வாசலில் உட்காரவைத்து, தேசியச் சொத்துத் தகவல் மையம் வெளியிடும் பரிவர்த்தனைப் பட்டியலைப் போனில் திறந்து, நம் தாமானில் எந்த வீடு எவ்வளவுக்குப் போனது என்று வரிசையாகக் காட்டினேன். எங்கள் வீடும் அதில் இருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தார். "அப்ப ரெண்டு லட்சத்து இருவது சொல்லலாமா தம்பி?"

"முப்பது சொல்லுங்க தாத்தா. அவசரப்படாதீங்க" என்றேன்.

அவர் போனதும் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அடுத்து வாங்க வரப்போவதும் எங்களைப் போல ஏதோ ஒரு தோட்டத்துப் பிள்ளைகளாக இருக்கலாம், பேங்க் மறுபடியும் 190 என்றுதான் எழுதும், அவர்கள் மீதி அறுபதாயிரத்துக்குப் பக்கம் எங்கே போவார்கள் என்று கேட்டாள். விடுதிக்காரனுக்குப் போகாமல் இருந்தால் சரி என்றேன். "இவ்வளவு வில சொன்னா விடுதிக்காரன் மட்டும்தான் வாங்குவான்" என்றாள். அதுவும் நடக்கலாம். தாத்தா மறுநாளே கேட்டில் அட்டை மாட்டிவிட்டார். 230,000, பேரம் இல்லை.